‘ஆம்’ என்று அழுத்தவும்

எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டார்கள் என்று போன வாரம் டிவியில் சொன்னார்கள். இருபத்தேழு வருடம் ஓடிய உலாவியாம். செய்தி வாசித்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள். அறை வாடகைக்குக் கேட்டு என் அலுவலகத்துக்கு வந்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், “அப்பாடா, ஒழிஞ்சுது சனியன்!” என்று கையைத் தட்டிக்கொண்டார்கள். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும், என் கடை, என் டிவி.

யோம் தெக்சு இந்த ஊரில் இருந்திருந்தால் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசியிருப்பான். அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவனைப் பற்றி இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் காறித் துப்புவார்கள். நான் துப்புவதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் குக் சுன்தொக். செயோங்ஜு நகரத்தில், சாஜிக் பகுதியில் முப்பத்தோரு வருடமாக வீட்டுத் தரகு பார்க்கிறேன். ‘புரோக்கர் அக்கா’ என்றால் நாய்கூட வழிகாட்டும். என் கடைக்கு ஒட்டினாற்போல யோம் தெக்சுவின் கடை இருந்தது. ‘கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரி’ என்று போர்டு. ஒல்லியான ஆள், நாற்பத்து மூன்று வயது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகு கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் படுத்துக்கொண்டான். மகா கஞ்சன். ஒருநாள்கூட ஒருவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தது கிடையாது. என் பாக்கெட் காப்பியில் இரண்டை ஒரே கோப்பையில் கொட்டிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்பான்.

அவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டு மாட்டிக்கொண்டவள்தான் நரே அம்மா. ஓக் மிசொன் என்பது அவள் பெயர். மகள் பெயர் நரே என்பதால் தெருவுக்கே அவள் நரே அம்மா. ஆறுமுனைச் சந்தையில் தொட்டுக்கைகள் விற்கிறவள். முள்ளங்கிக் கிம்ச்சி, சோயாவில் வெந்த பன்றிக் காது, நெத்திலி வறுவல். கணவன் லாரி ஓட்டிக்கொண்டு பூசான் பக்கம் போனால் வாரத்துக்கு ஒருமுறைதான் தலையைக் காட்டுவான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு இலையுதிர் காலத்தில், கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், “அண்ணே, எந்த பிரவுசர் நல்லதுண்ணே?” என்று கேட்டுத் தொலைத்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

“நல்லது கெட்டது அப்புறம். அத செஞ்சவன் எதத் தின்னு உசுரு வாழுறான்னு மொதல்ல கேளு,” என்றான் யோம்.

“எதத் தின்னா எனக்கென்ன? நான் என்ன பொண்ணா குடுக்கப் போறேன்?”

“வீட்டுக்குள்ள விடப் போறியே. எக்ஸ்ப்ளோரர எடுத்துக்கோ. அத செஞ்ச கம்பெனி விண்டோஸ வித்துப் பொழைக்குது. எக்ஸ்ப்ளோரர் ஓசி. ஏன் ஓசி? வாசல்ல வேற எவனும் வந்து நின்னுடக் கூடாது, அதுக்காக. எல்லாரும் உள்ள வந்தாச்சுன்னு தெரிஞ்சதும் அஞ்சு வருஷம் அத தொடச்சுக்கூட வைக்கல.”

“சரி, அந்தக் கலர் வளையம் போட்டது? என் தம்பி அதத்தான் வச்சிருக்கான்.”

“குரோமா? வேகம்னா வேகம். ஆனா அவங்க விளம்பரம் வித்து சாப்பிடுறவங்க. நீ எங்க போற, எதப் பாக்குறன்னு தெரிஞ்சாத்தான் அவங்க ஒலையில அரிசி. ஆடு நனையுதேன்னு ஓநா அழுதுச்சாம்.”

“அப்ப நரி படம் போட்டது?”

இங்கே அவன் முகம் மாறும். பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடுவான். “ஃபயர்ஃபாக்ஸுக்கு மொதலாளியே கெடையாது. அது ஒரு அறக்கட்டளையோடது. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் தொறந்து பாத்துக்கலாம். ஆனா அதுலயும் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு வர்ற காசுல முக்காவாசி அந்த விளம்பரக் கம்பெனிதான் குடுக்குது. தேடுற பெட்டிய மொதல்ல காட்டுறதுக்கு. பங்காளி வீட்டுச் சோறு தின்னுட்டு பங்காளியோட சண்ட போடுற மாதிரி.”

“நார்வேக்காரன் ஒருத்தன் செஞ்சிருக்கான்னு போன வாரம் சொன்னியே?” என்று நான் கொளுத்திப் போட்டேன்.

“ஓபரா! கெட்டிக்காரன் அக்கா அவன். இன்னைக்கு எல்லாரும் செய்யுறத அவன் அன்னைக்கே செஞ்சான். சின்னக் கடைக்காரன் புத்திசாலியா இருந்து என்ன புண்ணியம்?”

நரே அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இதுல எதுல என் பேங்க் தொறக்கும்?”

யோம் திருப்புளியால் எக்ஸ்ப்ளோரர் சின்னத்தைத் தொட்டுக் காட்டினான். வங்கி எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் திறக்கும். வங்கி, வரி அலுவலகம், பத்திரப் பதிவு, ரயில் டிக்கெட், பள்ளிக்கூடத்து மார்க் ஷீட், எல்லாமே அதில்தான். எங்கள் நாடு முழுக்க அப்போது அப்படி. இணையத்தில் தகவலை மறைத்து அனுப்புகிற தன்னுடைய நல்ல பூட்டை அமெரிக்கா வெளிநாட்டுக்குக் கொடுக்காத காலத்தில் எங்கள் ஆட்கள் ரோஷப்பட்டுச் சொந்தமாக ஒரு பூட்டு செய்தார்கள். அது எக்ஸ்ப்ளோரரின் கதவில் மட்டும்தான் மாட்டும். பூட்டுக்குக் காவலாக ஒரு நிரல், விசைப்பலகைக்குக் காவலாக ஒரு நிரல், காவலுக்குக் காவலாக இன்னொன்று. பணம் அனுப்பப் போனால் திரையின் மேலே மஞ்சள் பட்டை வரும். இதை நிறுவட்டுமா என்று கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். அடுத்ததற்கும் ‘ஆம்’. இல்லை என்றால் வங்கி வாசலிலேயே நிறுத்திவிடும். பத்து வருடம் கை பழகிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘ஆம்’தான்.

அந்தப் பழக்கத்தை எழுதிக் கொடுத்தவனே யோம்தான். இது எனக்கு மட்டும் தெரியும். மழை பெய்தால் எங்கள் ஊரில் வெங்காயத்தாள் அடையும் மக்கொல்லிக் கள்ளும் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழைச் சாயங்காலத்தில் என் செலவில் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு அவனே சொன்னான். சியோலில் ஒன்பது வருடம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தானாம். வங்கிகளுக்கு அந்தக் காவல் நிரல்களைச் செய்து விற்கிற நிறுவனம். வாடிக்கையாளர்கள் மஞ்சள் பட்டையைப் பார்த்துப் பயந்து ஒரு நாளைக்கு நானூறு பேர் போன் செய்தார்கள். மேலதிகாரி இவனைக் கூப்பிட்டு, ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வழிகாட்டி எழுது என்றார்.

“நான் எழுதினேன் அக்கா. ‘மஞ்சள் பட்டை தோன்றினால் அஞ்ச வேண்டாம். எந்தக் கேள்வி வந்தாலும் ஆம் என்று அழுத்தவும்.’ ஒரே வாரத்துல போன் பாதியா கொறஞ்சுது. எல்லா பேங்க்கும் அந்த வரிய அப்படியே எடுத்துப் போட்டுக்கிச்சு. எனக்கு போனஸ் குடுத்தாங்க. ஒரு மாட்டிறைச்சிப் பொட்டலமும்.”

“நல்லதுதானே செஞ்சிருக்க?”

“அஞ்சு கோடி ஜனத்துக்கு ஒரே ஒரு பதில் சொல்லிக் குடுத்திருக்கேன். இனிமே எவன் வந்து கதவத் தட்டினாலும் இவங்க ஆமாம்னுதான் சொல்லுவாங்க. தட்டுறவன் இன்னும் வரல. அவ்வளவுதான்.” அடையைப் பிய்த்தவன் தின்னாமல் தட்டிலேயே வைத்துவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஓசிக் கள்ளைக் குடித்துவிட்டு ஒப்பாரி வைக்கிறானே என்று நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் தட்டுகிறவன் வந்தான். முதலில் மீன் கடைக் கிழவர். வங்கிப் பக்கத்தைத் திறந்தாராம். முகவரி சரி, சின்னம் சரி, எழுத்து சரி. பாதுகாப்பைப் புதுப்பிக்க வேண்டும், உங்கள் அட்டையிலுள்ள முப்பத்தைந்து எண்களையும் இடுங்கள் என்று கேட்டதாம். எங்கள் வங்கிகள் எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தன. நாலிலக்க எண்கள் முப்பத்தைந்து அதில் இருக்கும். பணம் அனுப்பும்போது வங்கி இரண்டே இரண்டைத்தான் கேட்கும். கிழவர் முப்பத்தைந்தையும் போட்டார். காலையில் கணக்கில் நாற்பது வொன் இருந்தது.

யோம் அந்தக் கணினியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். “பாருங்க அக்கா. அட்ரஸ் அதேதான். வீடும் அதே மாதிரிதான். உள்ள உக்காந்திருக்கவன் வேற ஆளு. எப்பவோ ஒரு பட்ட வந்திருக்கு, இவரு ஆமாம்னு அழுத்தியிருக்காரு. அது உள்ள பூந்து வழிப்பலகையத் திருப்பி வச்சிடுச்சு.”

அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் கிறுக்கனாகவே ஆகிவிட்டான். கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டினான்: ‘முப்பத்தைந்து எண்களையும் எந்த வங்கியும் கேட்காது.’ கையில் கிடைத்த கணினியில் எல்லாம் நரியை ஏற்றினான். ஊர் சுற்ற நரி, வங்கிக்கு மட்டும் எக்ஸ்ப்ளோரர், ஒன்றின் வழியாக மற்றதுக்குள் போகாதே என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். ஜனங்கள் தலையாட்டினார்கள். நரியில் சீட்டாட்டம் ஓடவில்லை, பள்ளிக்கூடப் பக்கம் கோணலாகத் தெரிந்தது. மறுநாளே பழைய வழிக்குப் போய்விட்டார்கள். ஊதுகிற சங்கை ஊதினான், விடிகிறபோது விடியட்டும் என்று இருந்திருக்கலாம். அவனால் இருக்க முடியவில்லை. எந்நேரமும் எதற்கோ காத்திருக்கிறவன் மாதிரி வாசலில் நின்று தெருவைப் பார்ப்பான்.

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம் நாட்டில் பல வங்கிகளிலும் டிவி நிலையங்களிலும் கணினிகள் ஒரே நேரத்தில் கறுத்துப்போயின. யார் செய்தார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜனங்கள் பயந்துவிட்டார்கள். யோம் மட்டும், “இனிமே பாதுகாப்புன்னு பேர் போட்டு எது வந்தாலும் ஓடி ஓடி ஏத்துவாங்க,” என்றான்.

ஏப்ரலில் நரே அம்மா வீடு மாறினாள். அந்த வீட்டை முடித்துக் கொடுத்தது நான்தான். பதினோரு வருடமாக அவர்கள் இருந்தது பாதி மண்ணுக்குள் இருக்கிற வீடு. சன்னலைத் திறந்தால் நடக்கிறவர்களின் செருப்பு தெரியும். சுவரெல்லாம் பூஞ்சை. நரேவுக்குப் பன்னிரண்டு வயது, மூச்சிழுப்பு. குளிர் வந்தால் ஆஸ்பத்திரி. “இந்தச் செவுத்துலயே இன்னொரு குளிர்காலம் வச்சிருந்தா நான் பொறுப்பில்ல” என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பிடித்துக் கொடுத்தது நாலாவது மாடி, தெற்குப் பார்த்த சன்னல். மாத வாடகை கிடையாது, ஒத்தி. ஐந்தரைக் கோடி வொன், எங்கள் ஊர்க் காசுக்கு அது ஏழைகளுக்கான ஒத்திதான். முன்பணம் போக மீதி நாலு கோடியே தொண்ணூற்றைந்து லட்சத்தை வீடு மாறுகிற அன்று காலையில் கொடுத்தாக வேண்டும். பழைய வீட்டுக்காரன் திருப்பித் தருகிற ஒத்திப் பணம், நெத்திலி வறுத்துச் சேர்த்த பணம், லாரி ஓட்டிச் சேர்த்த பணம், எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

வீடு மாறுகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிற திசைப் பேய் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். எல்லாருமே அந்த மாதிரி நாளில்தான் வீடு மாறுவார்கள். அதனால் அன்றைக்கு ஊர் முழுக்க ஒருவன் காலி செய்கிற வீட்டில் இன்னொருவன் நுழைவான், ஒருவன் பணம் வந்தால்தான் அடுத்தவன் பணம் கொடுப்பான். சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் எல்லாருடைய பீரோவும் நடுத்தெருவில் நிற்கும். பதற்றம் முழுக்கத் தரகர் தலையில்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை காலையில், யோம் என் அலுவலகத்துக் கணினியை மாதாந்திரச் சுத்தம் செய்தான். “அக்கா, நரிலயே இருங்க. பத்திரப் பதிவுக்கு மட்டும் எக்ஸ்ப்ளோரர். சத்தியம் பண்ணுங்க.”

“உன் நரிய நீயே கட்டிக்கிட்டு அழு. போடா, காப்பி ஆறுது.”

அன்று சாயங்காலம் நாலரை மணி வாக்கில் ஒரு வீட்டுப் பட்டியல் பக்கம் நரியில் திறக்கவில்லை. எக்ஸ்ப்ளோரரில் திறந்தேன். மஞ்சள் பட்டை வந்தது. ஏதோ பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று இருந்தது. நான் படிக்கவில்லை. ஆம். இன்னொன்று வந்தது. ஆம். மூன்றாவது வருவதற்குள்ளேயே என் விரல் அங்கே போய் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பழைய வீட்டுக்காரனின் பணம் நரே அம்மாவின் கணக்கில் விழுந்தது. புது வீட்டுக்காரர் பதினொன்றுக்குள் வேண்டும் என்று எனக்குப் போன் மேல் போன். நரே அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கடைக்குள் வந்தாள்.

“அக்கா, நான் பேங்க்குக்கே போயிட்டு வந்துடறேன். யோம் அண்ணன் நேரா போகச் சொன்னாரு.”

“இன்னைக்கு பேங்க்ல கால் வைக்க எடம் இருக்காது. டோக்கன் எடுத்து உக்காந்தா பன்னெண்டு மணி. அவனுக்கு நெழலப் பாத்தாலும் திருடன். இங்கயே உக்காந்து அனுப்பு.”

அவள் உட்கார்ந்தாள். வங்கிச் சான்றிதழ் இருந்த பென் டிரைவைச் செருகினாள். அதற்குள் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார். நான் சன்னல் பக்கம் போய் அவரைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் அட்டையைக் கையில் வைத்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அட்டையின் கடைசி வரிசைக்கு வந்திருந்தாள். கண் பார்த்தது. புத்தி போனில் இருந்தது.

“முடிஞ்சுதா?”

“போன மாசம் அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் செத்துச்சுல்ல, அதுக்காகத் திரும்பப் பதியச் சொல்லுது அக்கா. பதிவு நடக்குதாம். பத்து நிமிஷம் மெஷின அணைக்கக் கூடாதாம்.”

திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது. நான் இரண்டு பாக்கெட் காப்பி கலந்து அவளுக்கு ஒன்று கொடுத்தேன். இரண்டு பேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே குடித்தோம்.

“சோத்துக் குக்கர மொதல்ல மேல ஏத்திட்டேன் அக்கா. குக்கர்தான் மொதல்ல போகணும்ல. நரேவோட கட்டில சன்னலோரமா போடச் சொல்லியிருக்கேன். நேத்து ராத்திரி, ‘அம்மா, அங்க வெயில் கட்டில் மேல விழுமா?’ன்னு கேட்டா. விழும்டின்னேன்.”

“விழும் விழும். வெயில் தாங்காம திரும்ப என்கிட்டயே வந்து தெரச்சீலைக்குக் கட கேப்ப பாரு.”

அவள் சிரித்தாள். அவளுடைய கைப்பேசி கைப்பைக்குள் மெத்தென்று ஒருமுறை அதிர்ந்தது. லாரி ஆட்களாக இருக்கும் என்று எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறையும். கோடு பாதி வரை வந்திருந்தது.

அப்போதுதான் யோம் உள்ளே வந்தான். புது வீட்டில் அவளுடைய கணினியை ஓசியில் மாட்டிக் கொடுக்கப் போனவன், ஏதோ வயரை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறான். திரையைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

“எத்தன நம்பர் போட்ட?”

“எல்லாந்தாண்ணே கேட்டுச்சு.”

சுவரிலிருந்து மின்வயரைப் பிடுங்கினான். “போன எடு! பேங்க்குக்குப் போடு! பணத்த நிறுத்தச் சொல்லு!” என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. வங்கியின் எண்ணில் ஒரு பெண் குரல், இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. நரே அம்மா எண்களை மாற்றி மாற்றி அழுத்தினாள். உயிருள்ள ஓர் ஆள் பேச வருவதற்குள், திருடன் ஐந்து தவணையாகப் பிரித்து எடுத்ததில் நாலு போய்விட்டன. அவளுடைய கைப்பேசி அதிர்ந்ததெல்லாம் அதைச் சொல்லத்தான். ஐந்தாவதை நிறுத்திவிட்டார்கள். அதில் தொண்ணூற்றைந்து லட்சம் இருந்தது. நாலு கோடி போயே போய்விட்டது.

நரே அம்மா அழவில்லை. “அக்கா, ஏணி லாரிக்கு மணிக்கணக்குக் காசு. இப்ப என்ன சொல்றது அவங்ககிட்ட?” என்று என்னைக் கேட்டாள். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

நாலாவது மாடிச் சன்னல் வரை நீட்டியிருந்த லாரி ஏணி வழியாகவே ஏற்றிய சாமான்களை இறக்கினார்கள். பழைய வீட்டில் அதற்குள் புதுக் குடும்பம் பாயை விரித்துவிட்டது. வீடு மாறுகிற அன்று தின்பதற்காக நான் சொல்லி வைத்திருந்த கறுப்பு நூடுல்ஸ் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. யாரும் தொடவில்லை. நரே பள்ளிக்கூடம் விட்டு நேராகப் புது வீட்டுத் தெருவுக்கு வந்து, நடைபாதையில் கிடந்த தன்னுடைய கட்டிலின் மேல் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் யோம் என் கணினிக்கு மறுபடி உயிரூட்டி உள்ளே எதையோ படித்தான். சந்தில் என்னைத் தனியாக நிறுத்தினான்.

“அக்கா, புதன்கிழம நான் போனப்புறம் ஏதாவது பட்ட வந்துச்சா?”

“ஒண்ணும் வரல.”

என் வாய் அதைச் சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியம். தரகர் உரிமம், இருபத்திரண்டு வருடத்து நல்ல பெயர், வழக்குப் போட்டால் கட்ட வேண்டிய நாலு கோடி, எல்லாம் அந்த நொடியில் கண்முன் வந்து நின்றன. அவன் என் முகத்தைப் பார்த்தான். திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தான்.

காவல் நிலையத்தில் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிற ஓர் அதிகாரி. புகாரைப் பதிய அவர் கணினியைத் திறந்ததும் அங்கேயும் மஞ்சள் பட்டை வந்தது. பேச்சை நிறுத்தாமலே ‘ஆம்’ என்று அழுத்தினார். யோம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தக் கெட்ட புரோகிராம் எப்ப ஏறியிருக்கு?” என்றார் அதிகாரி.

“புதன்கிழமை.”

“அன்னைக்கு அந்த மெஷின்ல யார் கை வச்சது?”

சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

“நான்தான் சார்,” என்றான் யோம். “புதன்கிழம சர்வீஸ் பண்ணினது நான். எனக்குத் தெரியாம என் கையாலதான் ஏறியிருக்கணும்.”

நரே அம்மா எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள். திருப்புளி கீழே விழுந்தது. “ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியே! கண்ணாடில ஒட்டி வச்சியே! எல்லாரையும் பயமுறுத்திட்டு நீயே கொண்டாந்து வச்சியாடா பாவி! என் புள்ளைக்கு இனிமே எவன்டா வீடு குடுப்பான்?” அவன் தடுக்கவில்லை. அவள் கன்னத்தில் அறைந்தாள். அப்போதும் தடுக்கவில்லை. நான்தான் அவளைப் பிடித்து இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

பணம் திரும்பி வரவில்லை. முப்பத்தைந்து எண்களையும் தானே கொடுத்தவளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வங்கி கடிதம் எழுதியது. யோம் கடைக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை வாங்கி, சாமான்களை விற்று, சியோலில் அண்ணனிடம் கடன் கேட்டு, ஒரு கோடியே இருபது லட்சம் சேர்த்து அவளுடைய கணக்கில் போட்டான். கஞ்சன் கொடுத்த காசு. அவள் நன்றி சொல்லவில்லை. அவள் ஏன் சொல்ல வேண்டும்?

மே மாதத்தில் அவன் ஊரை விட்டுப் போனான். ஆன்சான் பக்கம் ஏதோ தொழிற்சாலை என்றார்கள். போகிற அன்று காலையில் என் கடைக்கு வந்து, கேட்காமலே இரண்டு பாக்கெட் காப்பியை ஒன்றாகக் கலந்து, நின்றபடியே குடித்தான்.

“மெஷின்ல நேரமும் இருந்துச்சு அக்கா. நாலு நாப்பது. நான் அப்ப மார்க்கெட்ல இருந்தேன்.”

நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

“உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க,” என்றான். “அந்த வரிய எழுதினவன் நான். எத்தன வீட்ல எத்தன பேரு என் பேச்சக் கேட்டு அழுத்தியிருப்பாங்களோ. ஒருத்தர் கிட்டயாவது அடி வாங்கணும்னு இருந்துச்சு.” கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அதற்கு முன் அவன் கழுவியதே இல்லை.

நரே அம்மா குடும்பம் ஒரு வருடம் விடுதி ஒன்றின் ஒற்றை அறையில் இருந்தது. பிறகு பாதி மண்ணுக்குள் இன்னொரு வீடு கிடைத்தது. அதையும் நான்தான் தரகு வாங்காமல் முடித்துக் கொடுத்தேன். அதற்கு அவள் என் காலில் விழாத குறை. நரேவுக்கு இப்போது இருபத்தொரு வயது. பையில் எப்போதும் மூச்சுக் குழல் இருக்கிறது, மாடி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறாள்.

சொல்ல வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. முதல் வருடம் உரிமத்துக்குப் பயந்தேன். அப்புறம் வழக்குக்குப் பயந்தேன். இப்போது அது எதுவும் இல்லை. எனக்கு அறுபத்தைந்து ஆகிறது, கடையை மூடினாலும் கவலையில்லை. இப்போது அவளுக்குப் பயப்படுகிறேன்.

சனிக்கிழமை தோறும் சந்தை முடிந்து வருகிற வழியில் அவள் எனக்குத் தொட்டுக்கை கொண்டுவருவாள். நேற்றும் வந்தாள். எக்ஸ்ப்ளோரர் செய்தியைப் பார்த்திருக்கிறாள்.

“அந்தப் பாவிய நெனச்சுக்கிட்டேன் அக்கா. எங்க கெடந்து நாசமாப் போறானோ. நரே நேத்து ராத்திரி பூரா இருமினா. ஒவ்வொரு இருமலுக்கும் அவனத் திட்டினேன்.” டப்பாவை மேசை மேல் வைத்தாள். முள்ளங்கிக் கிம்ச்சி. “நீங்க மட்டும் அன்னைக்கு என்னப் புடிச்சுக்கலன்னா நான் ஏதாவது பண்ணிக்கிட்டிருப்பேன். உங்களுக்குச் செஞ்சு போட்டுத்தான் அக்கா எனக்கு மனசு ஆறுது.”

ஒன்பது வருடமாக இதைத்தான் சொல்கிறாள். நானும் ஒன்பது வருடமாக அவளுடைய டப்பாவைக் காலி செய்து, கழுவித் துடைத்து, அடுத்த சனிக்கிழமை அவள் கையில் கொடுக்கிறேன்.